படைப் பயிற்சி நிலத்தில் பழங்காலப் புதைமேடுகள்

இங்கிலாந்தின் தென்பகுதியில், வில்ட்ஷயர் வட்டாரத்தில் விரிந்து கிடக்கும் சாலிஸ்பரி சமவெளியில் 1897-இல் பிரிட்டிஷ் போர்த்துறை நிலம் வாங்கத் தொடங்கியது. குதிரைப்படைக்கும் பீரங்கிப்படைக்கும் பயிற்சி தரத் திறந்தவெளி வேண்டியிருந்தது. வேளாண்மை நொடித்துப்போயிருந்த காலம் என்பதால் நிலமும் மலிவாகக் கிடைத்தது. அப்படித் தொடங்கிய பயிற்சி நிலம் இன்று சுமார் 38,000 ஹெக்டேர் பரப்புக்கு வளர்ந்திருக்கிறது. பிரிட்டன் ராணுவத்திடம் உள்நாட்டில் இதைவிடப் பெரிய பயிற்சி நிலம் இல்லை. இதன் தெற்கு எல்லையை ஒட்டித்தான் ஸ்டோன்ஹெஞ்ச் நிற்கிறது. எல்லைக்குள்ளே புதிய கற்காலத்தின் நீள் புதைமேடுகள், வெண்கலக் கால வட்டப் புதைமேடுகள், இரும்புக் கால மலைக்கோட்டைகள், ரோமானியர் காலத்து ஊர்கள், இடைக்கால வயல் வரப்புகள் என 2,000-க்கும் மேற்பட்ட தொல்லியல் இடங்கள் உள்ளன. அதே மண்ணில்தான் டாங்கிகள் ஓடுகின்றன, பீரங்கிக் குண்டுகள் விழுகின்றன, படைவீரர்கள் பதுங்குகுழி வெட்டுகிறார்கள்.

பீரங்கியும் புதைமேடும் ஓரிடத்தில் இருந்தால் மேடு அழிந்துதான் போயிருக்கும் என்று நினைக்கத் தோன்றும். சாலிஸ்பரியில் நடந்தது பெரும்பாலும் வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பயிற்சி நிலத்துக்கு வெளியே இருந்த சுண்ணப்பாறை மேட்டுநிலங்களை டிராக்டர்கள் ஆழ உழுதன. நாலாயிரம் ஆண்டுகள் நின்ற புதைமேடுகள் சில பத்தாண்டு உழவில் தரைமட்டமாயின. இன்று அவற்றின் இருப்பை வானிலிருந்து எடுக்கும் படங்களில், பயிரின் நிற வேறுபாடாக மட்டுமே காண முடிகிறது. பயிற்சி நிலத்தின் நடுப்பகுதியில் ஏர் இறங்கவில்லை. அங்கே முழங்கால் உயரம்கூட இல்லாத பழங்கால வயல் வரப்புகள் புல் போர்த்தபடி இன்னும் தெரிகின்றன. வானிலிருந்து எடுத்த படங்களையும் தரையில் நடந்து செய்த அளவீடுகளையும் இணைத்து ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய நூல் 2002-இல் வெளிவந்தது. ஒரு நிலப்பரப்பு முழுவதும் வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தில் எப்படிப் பங்கிடப்பட்டு, உழப்பட்டு, கைவிடப்பட்டது என்பதை இத்தனை தெளிவாகக் காட்டும் இடங்கள் ஐரோப்பாவில் குறைவு. ராணுவம் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை என்றாலும், அது அங்கே இருந்ததால் கிடைத்த பயன் இது.

ஆனாலும் சேதம் நடக்காமல் இல்லை. சேதம் எப்படி நேர்கிறது என்பதைப் பார்த்தால்தான் தடுக்கும் வழியும் புரியும். சாலிஸ்பரியில் சுண்ணப்பாறைக்கு மேல் மண் மிக மெல்லியது. பல இடங்களில் ஒரு சாண், இரண்டு சாண் ஆழந்தான். சேலஞ்சர் 2 வகை டாங்கி 60 டன்னுக்கு மேல் எடையுள்ளது. காய்ந்த தரையில் நேராக ஓடும்போது அகன்ற சங்கிலிப் பட்டை அந்த எடையைப் பரப்பிவிடுவதால் சேதம் அவ்வளவாக இருக்காது. டாங்கி திரும்பும்போதுதான் வினை. ஒரு பக்கப் பட்டை வேகம் குறைந்து மறுபக்கப் பட்டை விரைந்து ஓடும்போது புல்லும் வேரும் உரிந்துவிடும். மழைக்காலத்தில் அதே தடத்தில் பத்து வண்டிகள் போனால் பள்ளம் பாறையைத் தொடும். முழங்கால் உயரமில்லாத வரப்பு அந்த வழியில் இருந்தால் ஒரே நாள் பயிற்சியில் அறுபட்டுப்போகும்.

மண்வெட்டி செய்யும் சேதம் இன்னும் நுட்பமானது. பதுங்குகுழி வெட்ட இடம் தேடும் வீரர் உயரமான, நாலாபுறமும் கண்ணுக்கு எட்டும் இடத்தையே விரும்புவார். கெட்டியான சுண்ணப்பாறையைவிட இளகிய மண் கிடைத்தால் அவருக்கு வேலை மிச்சம். இந்த இரண்டும் ஒருசேர அமைந்த இடம் எது என்றால், மேட்டு முகட்டில் மண் குவித்து எழுப்பிய வெண்கலக் காலப் புதைமேடுதான். இறந்தவரைத் தொலைவிலிருந்தும் காணும்படி அடக்கம் செய்யத் தேர்ந்தெடுத்த இடமும், எதிரியைக் கண்காணிக்கத் தேர்ந்தெடுக்கும் இடமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், இது புல்மேடு என்று மட்டும் அறிந்த ஒருவர் அரைமணி நேரத்தில் ஒரு கல்லறையை வெட்டித் தள்ளிவிட முடியும். குண்டுச் சிதறல்களால் இன்னொரு தொல்லையும் உண்டு. மண்ணுக்குள் இறைந்து கிடக்கும் இரும்புத் துண்டுகள் காந்தப்புல அளவைக் கருவிகளைக் குழப்பிவிடுவதால், தோண்டாமலே அடியில் இருப்பதை அறியும் ஆய்வு அங்கே கடினமாகிறது.

இந்தச் சேதத்தைச் சரிசெய்ய வழியில்லை என்பதற்குக் காரணம் மண்ணடுக்கு. ஓரிடத்தில் மக்கள் வாழும்போது தளம், சாம்பல், இடிந்த சுவர், குப்பை என்று அடுக்கு மேல் அடுக்காக மண் படிகிறது. ஒரு பானை ஓடு எந்த அடுக்கில், எதற்கு மேலே, எதற்குக் கீழே கிடந்தது என்பதுதான் அதன் காலத்தையும் பயனையும் சொல்லும். அடுக்கு கலைந்துவிட்டால் ஓடு கையில் இருந்தும் பயனில்லை. கயிறு அறுந்து ஏடுகள் சிதறிய, பக்க எண் இல்லாத சுவடிக்கட்டின் கதிதான் அதற்கும்.

இந்த மண்ணடுக்கு முறையைக் கறாராகக் கடைப்பிடித்தவர்களில் முதன்மையானவர் மார்ட்டிமர் வீலர். அவர் படை அதிகாரியாகவும் இருந்தார். 1943-இல் பிரிட்டிஷ் படை லிபியாவின் திரிப்பொலியைக் கைப்பற்றியபோது, அதே நாட்டிலுள்ள லெப்டிஸ் மாக்னா என்னும் ரோமானிய நகரத்தின் இடிபாடுகளுக்குள் விமானப்படைப் பிரிவு ஒன்று ராடார் நிலையம் அமைக்க முற்பட்டிருந்தது. வீலரும், அதே படையில் இருந்த தொல்லியலாளர் ஜான் வார்ட்-பெர்க்கின்சும் தலையிட்டார்கள். உள்ளே நுழையத் தடை விதிக்கும் பலகைகள் வைத்தார்கள். இடத்தின் அருமையை வீரர்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். மறு ஆண்டே வீலர் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்றார். 1945-இல் அவர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டை அகழ்ந்தார். அங்கே கிடைத்த ரோமானிய மட்கலங்களைக் கொண்டு, அதே மண்ணடுக்கில் கிடந்த தென்னிந்தியப் பானைகளின் காலத்தை அவர் கணித்தார். அரிக்கமேட்டின் மேல் முன்பே யாரேனும் முகாம் போட்டு மண்ணைப் புரட்டியிருந்தால் அந்தக் கணிப்புக்கு இடமே இருந்திருக்காது.

லெப்டிசில் 1943-இல் கற்றது 2003-இல் ஈராக்கில் கைகொடுக்கவில்லை. பாபிலோன் நகர இடிபாடுகளின் மேல் அமெரிக்கப் படை ‘ஆல்ஃபா’ என்ற பெயரில் முகாம் அமைத்தது. பின்னர் அது போலந்துப் படையின் பொறுப்புக்கு வந்தது. 2005 தொடக்கத்தில் இடம் ஈராக்கியர்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டபோது, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜான் கர்ட்டிஸ் பார்வையிட்டு எழுதிய அறிக்கை உலகெங்கும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது. நெபுகாத்நேசர் காலத்தில், அதாவது சுமார் 2,600 ஆண்டுகளுக்கு முன் பாவிய ஊர்வல வீதியின் செங்கற்கள் கனரக வாகனங்கள் ஏறி நொறுங்கியிருந்தன. இஷ்தார் வாயிலின் அடித்தளச் சுவரில் புடைத்து நிற்கும் டிராகன் உருவங்களிலிருந்து யாரோ செங்கற்களைப் பெயர்க்க முயன்றிருந்தார்கள். தொல்மேடுகளின் ஊடே நீண்ட அகழிகள் வெட்டப்பட்டிருந்தன. வண்டிகள் நிறுத்தவும் ஹெலிகாப்டர்கள் இறங்கவும் நிலத்தைச் சமன்செய்து, வேறிடத்துச் சரளையைக் கொட்டி இறுக்கியிருந்தார்கள்.

இவற்றுள் தொல்லியலாளர்களை மிகவும் வருத்தியது மணல்மூட்டைதான். முகாமைச் சுற்றிக் காப்பரண் எழுப்ப முதலில் பாபிலோன் மண்ணையே மூட்டைகளிலும் கம்பிக்கூடைகளிலும் நிரப்பினார்கள். அந்த மண்ணில் பானை ஓடுகளும், எலும்பும், எழுத்துப் பொறித்த செங்கல் துண்டுகளும் இருந்தன. எதிர்ப்பு எழுந்ததும் வெளியிலிருந்து மண் கொண்டுவரப்பட்டது. அது சரியான தீர்வு என்று தோன்றலாம்; உண்மையில் சேதத்தைப் பெரிதாக்கியது. மூட்டைகள் கிழிந்து, வேற்றிடத்து மண் பாபிலோன் மண்ணோடு கலந்தபின், மேற்பரப்பில் கிடக்கும் ஓர் ஓடு பாபிலோனைச் சேர்ந்ததா, லாரியில் வந்ததா என்று இனி உறுதியாகச் சொல்ல முடியாது. சேதங்களை விரிவாகப் பதிவு செய்த யுனெஸ்கோ அறிக்கை 2009-இல் வெளிவந்தது. முகாமுக்கு முன்பே, 1980-கள் முதல் சதாம் உசேன் அரசு பழஞ்சுவர்களின் மேல் புதுச் செங்கல் அடுக்கியும், அருகிலேயே அரண்மனை எழுப்பியும் இடத்தைக் கெடுத்திருந்தது. பாபிலோனின் அழிவுக்குப் படைமுகாம் மட்டுமே காரணமில்லை. ஆனால் எளிதில் தவிர்த்திருக்கக்கூடிய காரணம் அதுதான்.

போர் முடிந்த பின்னும் பல பத்தாண்டுகள் சேதம் தொடர்ந்த இடம் ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் கஹோலாவே. சுமார் 116 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தத் தீவை 1941 முதல் அமெரிக்கக் கடற்படை குண்டுவீச்சுப் பயிற்சிக்குப் பயன்படுத்தியது. ஹவாய்ப் பழங்குடியினருக்கு இது புனிதத் தீவு. கோயில் மேடைகள், மீனவர் வழிபாட்டிடங்கள், கற்கோடரிகளுக்காகக் கல் வெட்டிய பெருஞ்சுரங்கம் ஒன்று எனத் தீவெங்கும் தொல்லிடங்கள். 1965-இல் அணுகுண்டு வெடிப்பின் அதிர்வைக் கப்பல்கள் தாங்குமா என்று பார்க்க, கடற்கரையில் 500 டன் டி.என்.டி. வெடிமருந்தைக் குவித்து வெடித்தார்கள். அந்தப் பள்ளம் இன்னும் அங்கே இருக்கிறது. 1976-இல் பழங்குடி இளைஞர்கள் தடையை மீறித் தீவில் இறங்கினார்கள். நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுத்தார்கள். 1980-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி கடற்படை தொல்லியல் கள ஆய்வுக்கு இணங்கியது. ஆய்வில் நூற்றுக்கணக்கான இடங்கள் தெரியவர, 1981-இல் தீவு முழுவதுமே அமெரிக்க வரலாற்றிடப் பட்டியலில் சேர்ந்தது. அதன் பின்னும் குண்டுவீச்சு நிற்க 1990 ஆயிற்று. நிலம் 1994-இல் ஹவாய் மாநிலத்திடம் திரும்பியது. பத்தாண்டுகள் நடந்த துப்புரவுக்குப் பிறகும் தீவின் கால்பகுதியில் வெடிக்காத குண்டுகள் கிடக்கின்றன. சேதம் நடந்தபின் செய்யும் பாதுகாப்புக்கு ஆகும் விலை இதுதான்.

முன்கூட்டியே செய்யும் பாதுகாப்பு செலவிலும் உழைப்பிலும் இதன் அருகேகூட வராது. அடிப்படை வேலை வரைபடம். எந்தத் தொல்லிடம் எங்கே, எவ்வளவு அகலத்தில் இருக்கிறது என்ற விவரம் பயிற்சியைத் திட்டமிடும் அதிகாரியின் மேசையில் இருக்கவேண்டும். சாலிஸ்பரியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் சொந்தத் தொல்லியலாளர்கள் இந்த விவரங்களைக் கணினி வரைபடத்தில் தொகுத்து வைத்திருக்கிறார்கள். முக்கியமான மேடுகளைச் சுற்றி மரக்கம்பங்கள் நட்டு, தோண்டத் தடை என்று பலகை வைத்திருக்கிறார்கள். டாங்கிகள் எங்கும் சிதறி ஓடாமல் இருக்கச் சரளைத் தடங்கள் போடப்பட்டுள்ளன. சின்ன ஏற்பாடாகத் தோன்றினாலும், புல்வெளிக்கும் புதைமேட்டுக்கும் இந்தத் தடங்கள் செய்த நன்மை பெரிது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஃபோர்ட் டிரம் முகாம் இன்னொரு முறையைக் கையாண்டது. முகாம் விரிவாக்கத்துக்காக இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் காலி செய்யப்பட்ட பழைய ஊர்களின் அடித்தளங்கள் அங்கே உண்டு. அவற்றை வேலி போட்டு ஒதுக்குவதற்குப் பதிலாக, சில இடங்களில் அடித்தளத்தின் மேல் நீர் கசியவிடும் செயற்கை இழைத் துணியை விரித்து, அதன் மேல் மணலும் சரளையும் பரப்பினார்கள். துணி பழைய மண்ணையும் புது மண்ணையும் கலக்க விடாது. மேலே வீரர்கள் பயிற்சி செய்யலாம். நாளை யாரேனும் அகழ விரும்பினால் துணியைச் சுருட்டி எடுத்துவிட்டுத் தொடங்கலாம்.

பாபிலோன் சேதத்துக்குப் பிறகு, ஃபோர்ட் டிரம் முகாமின் தொல்லியலாளர் லாரி ரஷ் அங்கேயே மாதிரித் தொல்லிடங்களை உருவாக்கினார். பொய் இடிபாடும் பொய்க் கல்லறையும் அமைத்து, அவற்றுக்கு ஊறு நேராமல் தாக்குதல் நடத்துவதைப் பயிற்சியின் பகுதியாக்கினார். 2007-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, தொல்லிடங்களைப் பற்றிய குறிப்புகள் அச்சிட்ட சீட்டுக்கட்டுகளை ஈராக், ஆப்கானிஸ்தான் செல்லும் வீரர்களுக்கு வழங்கியது. ஓய்வு நேரத்தில் சீட்டாடும் கைகளில் தொல்லியல் போய்ச் சேர்ந்தது. அறிவியல் பரப்புதலில் இதைவிடப் பொருத்தமான வழியைக் காண்பது அரிது.

ராணுவக் கட்டுமானம் தனிச் சிக்கல். பயிற்சி வண்டியின் தடத்தை மாற்றலாம். வீட்டு அடித்தளத்தைத் தோண்டியபின் மாற்ற முடியாது. ஜெர்மனியிலிருந்து திரும்பும் படையினருக்காக சாலிஸ்பரியின் லார்க்ஹில், புல்ஃபோர்டு பகுதிகளில் நூற்றுக்கணக்கான வீடுகள் கட்டத் திட்டமிட்டபோது, முதலில் தொல்லியல் குழு இறங்கியது. லார்க்ஹில்லில் 2016-இல், ஸ்டோன்ஹெஞ்ச் உருவாவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, கி.மு. 3700 அளவில் மக்கள் கூடிய அகழிசூழ் வளாகம் ஒன்றின் பகுதி வெளிப்பட்டது. புல்ஃபோர்டில் சாக்ஸன் காலத்துக் கல்லறைகள் சுமார் 150 கிடைத்தன.

லார்க்ஹில்லில் மேலும் ஒன்று கிடைத்தது. முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் புறப்படும் முன் வீரர்கள் வெட்டிப் பழகிய பதுங்குகுழிகளும் சுரங்கங்களும் முழு வலைப்பின்னலாக அப்படியே மண்ணுக்குள் இருந்தன. வெடிக்காத கையெறி குண்டுகளும் உடன் இருந்ததால் அகழாய்வு மிகுந்த எச்சரிக்கையோடு நடந்தது. வெண்சுண்ணச் சுவர்களில் வீரர்கள் தங்கள் பெயர்களைக் கிறுக்கியிருந்தார்கள். அவற்றுள் ஒரு சுண்ணக்கல் துண்டில் லாரன்ஸ் கார்த்தேஜ் வெதர்ஸ் என்ற ஆஸ்திரேலியப் படைவீரரின் பெயர் இருந்தது. 1918 செப்டம்பரில் பிரான்சின் பெரோன் அருகே காட்டிய வீரத்துக்காக விக்டோரியா சிலுவை பெற்றவர் அவர். விருது அறிவிக்கப்படும் முன்பே, அதே மாத இறுதியில் போர்க்களத்தில் பட்ட காயத்தால் இறந்தார். படைப் பயிற்சியின் தடமே நூறாண்டில் தொல்லியல் சான்றாகிவிடும் என்பதற்கு இந்தக் கல் போதும்.

சாலிஸ்பரியில் புதைமேடுகளைக் குடையும் இன்னொரு எதிரி ராணுவத்தைச் சேர்ந்ததன்று. பேட்ஜர் என்னும் விலங்கு இளகிய மண்மேட்டில் வளை தோண்டி வாழ்கிறது. பாரோ கிளம்ப் என்னும் வெண்கலக் காலப் புதைமேட்டில் பேட்ஜர்கள் மனித எலும்புகளை வெளியே தள்ளின. பேட்ஜர் சட்டப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. அதை எளிதில் விரட்டிவிடவும் முடியாது. எஞ்சியிருப்பதை அகழ்ந்து பதிவு செய்வதே வழி என்று முடிவாயிற்று. அந்த வேலையைச் செய்தவர்கள் ஆப்கானிஸ்தான் போரில் காயமுற்றுத் திரும்பிய வீரர்கள். பாதுகாப்பு அமைச்சகத்தின் தொல்லியலாளர் ரிச்சர்ட் ஓஸ்குட்டும் ரைஃபிள்ஸ் படைப்பிரிவின் டயர்மட் வால்ஷும் 2011-இல் தொடங்கிய ‘ஆபரேஷன் நைட்டிங்கேல்’ திட்டம் அவர்களை அகழாய்வுக் குழியில் இறக்கியது. நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் கூர்ந்து பார்ப்பதும், அளந்து வரைவதும், பொறுமையாகக் குழுவோடு உழைப்பதும் படைவீரருக்குப் புதியவை அல்ல. அதே மேட்டில் பிற்காலத்தில் அமைந்த ஆறாம் நூற்றாண்டு ஆங்கிலோ-சாக்ஸன் கல்லறைகளில் ஈட்டிமுனையோடும் கேடயக் குமிழோடும் கிடந்த பழைய போர்வீரர்களை இன்றைய போர்வீரர்கள் தூரிகையால் மண் நீக்கி எடுத்தார்கள். முன்பு புதைமேடு என அறியாமல் தோண்டக்கூடியவராக இருந்தவர், இந்தத் திட்டத்துக்குப் பின் மேட்டைக் காப்பவராகிறார்.

ராணுவம் தொல்லிடங்களைக் காப்பதற்கான பன்னாட்டுச் சட்ட அடிப்படை 1954-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை. போர்க்காலத்தில் பண்பாட்டுச் சொத்துகளைக் காப்பது அதன் நோக்கம் என்றாலும், அமைதிக் காலத்திலேயே ராணுவ விதிகளில் இதைச் சேர்க்கவேண்டும், இதற்கென வல்லுநர்களைப் படையில் வைக்கவேண்டும் என்றும் அது கேட்கிறது. அமெரிக்கா இதை ஏற்று உறுதிசெய்தது 2009-இல், பிரிட்டன் 2017-இல். இந்தியா 1958-லேயே இணைந்துவிட்டது. அதே ஆண்டில் இந்தியாவின் தொல்லிடப் பாதுகாப்புச் சட்டமும் பிறந்தது. 2010-இல் செய்த திருத்தத்தின்படி, தேசிய முக்கியத்துவம் உள்ளதாக அறிவிக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும்.

ராணுவக் கட்டுமானம் ஒரு சின்னத்தை என்ன செய்யும் என்பதற்கு இந்தியாவிடமே பெரிய சான்று இருக்கிறது. 1857-க்குப் பிறகு தில்லி செங்கோட்டையின் உள்ளிருந்த முகலாய மாளிகைகளில் பெரும்பகுதியை பிரிட்டிஷார் இடித்துப் படைக்குடியிருப்புகள் கட்டினார்கள். விடுதலைக்குப் பிறகும் ராணுவம் அங்கேயே இருந்தது. கோட்டை முழுமையாகத் தொல்லியல் துறையின் கைக்கு வந்தது 2003 டிசம்பரில்தான்.

சட்டத்தின் 100 மீட்டர் காப்பு, அறிவிக்கப்பட்ட சுமார் 3,700 சின்னங்களுக்கு மட்டுமே. இன்னும் அறிவிக்கப்படாத வாழ்விடமேடுகளுக்கும் ஈமக்காடுகளுக்கும் அந்தக் காப்பு இல்லை. அவை பயிற்சி நிலத்துக்குள்ளோ, ராணுவக் கட்டுமானத்துக்கு ஒதுக்கிய இடத்திலோ இருந்தால், அங்கே ஒரு தொல்லிடம் இருக்கிறது என்று அதிகாரிக்குச் சொல்ல வரைபடமும் இல்லை. வண்டி இறங்கும் முன், அடித்தளம் தோண்டும் முன், அந்த நிலங்களில் தொல்லியல் கள ஆய்வு நடத்தி வரைபடத்தைப் படையின் கையில் கொடுப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.